செயற்கைக்கோள் பாதையைப் பைத்தானில் கணக்கிடுவது எப்படி (அது பொய் சொன்னால் பிடிப்பது எப்படி)

சுற்றுப்பாதைக் கணக்கு ஒன்று கையில் கிடைத்ததும் பாதிப் பேர் நேராக நிரல் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். படம் அழகாக வரும், விடை தப்பாக இருக்கும், தப்பு என்று தெரியவே தெரியாது. அதனால் முதல் வேலை தாளில்தான்.

தரையிலிருந்து 400 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் என்று வைத்துக்கொள்வோம். பூமியின் நடுக்கோட்டு ஆரம் 6378.137 கி.மீ., உயரத்தைக் கூட்டினால் 6778.137. பூமியின் ஈர்ப்பு மாறிலியான மியூ, கிலோமீட்டர் கணக்கில் 398600.4418. மியூவை ஆரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம் விநாடிக்கு 7.6686 கி.மீ. என்று வரும், சுற்றளவை அந்த வேகத்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 5554 விநாடி, அதாவது 92 நிமிடம் 34 விநாடி. இந்த இரண்டு எண்ணையும் கண்ணில் படுகிற மாதிரி எழுதி வையுங்கள். இனி கணினி சொல்வதை இவற்றோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

மேட்லேப், ஆக்டேவ் எதில் வேண்டுமானாலும் செய்யலாம். நான் பைத்தானில் சொல்கிறேன். அதன் கணித நூலகங்களான நம்பை (NumPy), சைபை (SciPy) இரண்டும் இலவசம். சமன்பாடு ஒன்றே ஒன்றுதான்: நிலைத் திசையனை மியூவால் பெருக்கி, தூரத்தின் கனத்தால் வகுத்து, முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் முடுக்கம். ஆனால் இது இரண்டாம் வரிசைச் சமன்பாடு, இப்படிப்பட்ட சமன்பாடுகளை அடி அடியாகத் தீர்க்கும் சைபையின் சால்வ் ஐவிபிக்கு (solve_ivp) முதல் வரிசைதான் பிடிக்கும். எனவே நிலைக்கு மூன்று, திசைவேகத்துக்கு மூன்று என்று ஆறு எண்களை ஒரே வரிசையாக அடுக்குங்கள். நீங்கள் எழுதும் ஃபங்ஷன் அந்த ஆறையும் வாங்கி ஆறு எண்களைத் திருப்பித் தர வேண்டும். முதல் மூன்று அப்படியே திசைவேகம், கடைசி மூன்று முடுக்கம். அவ்வளவுதான், பத்து வரி கூட வராது.

இங்கேதான் அலகு காலை வாரும். நிலையை மீட்டரில் கொடுத்துவிட்டு மியூவைக் கிலோமீட்டர் கணக்கிலேயே விட்டால் ஈர்ப்பு நூறு கோடி மடங்கு குறைந்துபோகும், செயற்கைக்கோள் வளையாமல் நேர்கோட்டில் ஓடிவிடும். அது பரவாயில்லை, பார்த்ததும் தெரியும். பார்த்தால் தெரியாத தப்புதான் ஆபத்து: 1999-ல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்தது, ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்த உந்து எண்ணை இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டதால்தான். வித்தியாசம் 4.45 மடங்கு. படத்தில் பாதை சரியானதாகவே தெரிந்திருக்கும்.

சரி, தொடக்கத்தில் ஒரு அச்சில் 6778.137 கி.மீ. தூரம், அதற்குச் செங்குத்தாக 7.6686 வேகம் என்று கொடுத்து ஓட்டுங்கள். பத்துச் சுற்று, அதாவது 55,536 விநாடி. முதலில் வருவது வட்டமே இல்லை, முனை முனையாக ஒரு பலகோணம். பயப்பட வேண்டாம், சால்வர் தான் நின்ற இடங்களை மட்டும் காட்டுகிறது. டி இவால் (t_eval) என்ற இடத்தில் நமக்கு வேண்டிய நேரங்களைக் கொடுத்தால் படம் வழவழப்பாகிவிடும். ஆனால் வழவழப்பானதும் துல்லியம் வந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள், கணக்கு பழைய கணக்குதான். பத்தாவது சுற்று முடிவில் செயற்கைக்கோள் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். சேர்ந்திருக்காது. காரணம், எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்று சொல்லும் ஆர்டாலுக்கு (rtol) சால்வ் ஐவிபி தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு ஆயிரத்தில் ஒன்று, சுற்றுப்பாதைக்கு அது மிகவும் தாராளம். அதை 10-ன் அடுக்கு மைனஸ் 10-க்கு இறக்குங்கள், அதன் ஜோடியான ஏடாலையும் (atol) கூடவே குறையுங்கள், கணக்கிடும் முறையை இன்னும் துல்லியமான டிஓபி853 (DOP853) என்று மாற்றுங்கள்.

மாற்றினால் போதுமா? ஆற்றலைப் பாருங்கள். ஒவ்வொரு நேரத்திலும் வேகத்தின் வர்க்கத்தில் பாதி, அதிலிருந்து மியூ வகுத்தல் தூரம் கழித்தால் மைனஸ் 29.403 வர வேண்டும், கடைசி வரை அதே எண் நிற்க வேண்டும். நான் எப்போதும் பாதையை வரைவதற்கு முன் இந்த ஆற்றல் கோட்டைத்தான் வரைகிறேன். அது சாய்ந்தால் மேலே போவதில் அர்த்தமில்லை. (ஒவ்வொரு அடியையும் நேர்கோடாக எடுத்து வைக்கும் ஆய்லர் முறையில் சொந்தமாக ஒரு லூப் எழுதிப் பாருங்கள், வட்டம் சுருள் போல வெளியே விரிந்துகொண்டே போகும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.)

இன்னொன்று, இந்தச் சமன்பாட்டுக்குப் பூமிக்குத் தரை உண்டு என்பதே தெரியாது. வேகத்தைக் குறைத்துக் கொடுத்தால் செயற்கைக்கோள் மண்ணுக்குள் புகுந்து மறுபக்கம் வரும். தூரம் பூமி ஆரத்தைத் தொட்டதும் நிற்கும்படி ஒரு ஈவென்ட் ஃபங்ஷன் வைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு நிஜக் கணக்கு. இதே பாதையிலிருந்து 42,164 கி.மீ. ஆரமுள்ள புவிநிலைப் பாதைக்கு ஹோமன் முறையில், அதாவது இரண்டே உந்துகளில் ஒரு நீள்வட்டம் வழியாக, போக முதல் உந்து விநாடிக்கு 2.397 கி.மீ., இரண்டாவது 1.456. முதல் உந்தைத் தொடக்க வேகத்தோடு கூட்டி 19,050 விநாடி ஓட்டுங்கள். தூரம் 42,164-ஐ ஒட்டி வந்து நின்றால் உங்கள் நிரல் சரி.

அதற்கு மேல் ஜே2, அதாவது பூமியின் இடுப்புப் பருமன் ஈர்ப்பில் உண்டாக்கும் திருத்தம். அது சேர்க்கும் முடுக்கத்தின் சூத்திரத்தில் முதல் இரண்டு அச்சுக்கு 1 வருகிற இடத்தில், மூன்றாவதான துருவ அச்சுக்கு மட்டும் 3 வரும், பலர் விடுவது அதைத்தான். 400 கி.மீ. உயரம், 51.6 பாகை சாய்வு என்றால் பாதைத் தளம் நாளொன்றுக்கு மேற்கே சுமார் 5 பாகை நகர வேண்டும். கோணங்களை ரேடியனுக்கு மாற்ற மறக்காதீர்கள். இப்போது பழைய ஆற்றல் சூத்திரம் மேலும் கீழும் ஆடும், அது உங்கள் தப்பு இல்லை, ஜே2-வின் நிலையாற்றல் அதில் சேரவில்லை. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கோண உந்தத்தின் அச்சுவழிக் கூறைப் பாருங்கள், அது அசையாது.