மெர்ஜ் செய்த செல்களில் மேக்ரோ ஓட்டும்போது சத்தமில்லாமல் கணக்கைக் கெடுக்கும் தவறுகள்

கொழும்பில் ஒரு கடையின் கையிருப்புப் பட்டியலையோ ஒரு கம்பனியின் சம்பளப் பட்டியலையோ எக்செல்லில் திறந்து பாருங்கள். இடது ஓரத்தில் மெர்ஜ் செய்த, அதாவது பலவற்றை ஒன்றாக இணைத்த, செல்கள் இருக்கும். பழைய சோனகத் தெரு இரும்புச் சாமான் கடை என்றால் சப்ளையர் பெயர் ஒரு தடவை எழுதப்பட்டு, அவர் தரும் பைப், வால்வு, எல்போ எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நீளமாக நிற்கும். பார்க்க நன்றாக இருக்கிறது, அச்சடித்து முதலாளியின் மேசையில் வைக்கவும் வசதி. சோர்ட் செய்யும்போது, ஃபில்டர் போடும்போது, பிவட் (சுருக்க அட்டவணை) எடுக்கும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. உடனே யாராவது ஒரு மேக்ரோவை, அதாவது எக்செல் வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பை, தேடி எடுத்து ஓட்டிவிடுகிறார்கள்.

மேக்ரோ பாதியில் நின்று பிழைச் செய்தி காட்டினால் அது நல்லது. என்ன கோளாறு என்று தேடிப் பார்ப்போம். நான் இங்கே எழுதப்போவது அநேகமாக அப்படி நிற்காத தவறுகளைப் பற்றி. மேக்ரோ முழுதாக ஓடி முடியும், ஷீட்டும் சுத்தமாகத் தெரியும், ஆனால் தொகை மாறியிருக்கும்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏ2 முதல் ஏ6 வரை மெர்ஜ் செய்தால் பெயர் ஏ2வில் மட்டுமே இருக்கும். ஏ3 முதல் ஏ6 வரை காலி. நம் கண்ணுக்கு ஐந்து நிரைகளுக்கும் (ரோ) அந்தப் பெயர் சொந்தம். மேக்ரோவுக்கு ஒரே ஒரு நிரைக்குத்தான். ஃபில்டரில் ஒரு சப்ளையரைத் தெரிவு செய்தால் அவருடைய முதல் சாமான் மட்டும் வந்து நிற்பதும் இதனால்தான்.

முழு ஷீட்டையும் ஒரே அடியாக அவிழ்ப்பது

மிகவும் பரவலான தவறு இது. ஒரே வரியில் எல்லாச் செல்களையும் அன்மெர்ஜ் செய்துவிட்டு, காலியான இடங்களையெல்லாம் மேலே உள்ள பெறுமதியால் நிரப்புவது. கையால் செய்பவர்கள் எஃப்5 அழுத்தி, ஸ்பெஷலில் பிளாங்க்ஸ் தெரிவு செய்து, கண்ட்ரோல்-என்டர் அடிப்பார்கள். எக்செல்லின் தரவு சீராக்கும் கருவியான பவர் குவெரியில் ஃபில் டவுன் என்று இருப்பதும் இதே வேலைதான்.

மெர்ஜை அவிழ்த்ததால் காலியான செல்லுக்கும், உண்மையிலேயே காலியாக இருந்த செல்லுக்கும் அதற்குப் பிறகு வித்தியாசமே தெரியாது. சம்பளப் பட்டியலில் முற்பணம் என்று ஒரு நிரல் (கொலம்) இருக்கிறது. முற்பணம் எடுக்காதவருக்கு அது வெறுமையாக இருக்கும். நிரப்பும் மேக்ரோ அந்த இடத்தில் மேலே உள்ளவர் எடுத்த முற்பணத்தைப் போட்டுவிடும். கடன் வாங்காத மனிதரின் சம்பளத்தில் கழிவு விழும். மாதக் கடைசியில் அவர் வந்து கேட்கும்வரை யாருக்கும் தெரியாது.

சரியான வழி, ஒவ்வொரு மெர்ஜ் பகுதியாக எடுத்து வேலை செய்வது. மேக்ரோ எழுதும் மொழியான விபிஏயில் மெர்ஜ் ஏரியா என்ற பண்பு அந்தச் செல் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று சொல்லும். முதலில் அந்தப் பகுதியை ஒரு மாறியில் பிடித்து வையுங்கள். அடுத்து இடது மேல் மூலைச் செல்லின் பெறுமதியை எடுங்கள். அப்புறம் அன்மெர்ஜ். கடைசியாக, பிடித்து வைத்த பகுதி முழுவதற்கும் அந்தப் பெறுமதியை எழுதுங்கள். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. அவிழ்த்த பிறகு மெர்ஜ் ஏரியாவைக் கேட்டால் அந்த ஒரு செல்லை மட்டும் பதிலாகத் தரும். பிழைச் செய்தி வராது, நிரப்பியதுபோல ஓடி முடியும், கீழே நான்கு செல்லும் காலியாகவே கிடக்கும்.

தொகையையும் பெயரைப் போல நிரப்புவது

ஒழுங்கு சரியாக இருந்தாலும், எந்த நிரலை நிரப்பலாம் என்று யோசிக்காவிட்டால் சேதம் இதைவிடப் பெரிது. சப்ளையர் பெயர் ஐந்து நிரைகளிலும் வரட்டும், அது தகவல். ஆனால் ஐந்து சாமான்களுக்கும் சேர்த்து லொறிக் கூலி 3,500 ரூபா என்று ஒரே மெர்ஜில் எழுதியிருந்தால்? மேக்ரோ அதை ஐந்து தடவை எழுதும். மொத்தம் 17,500 ஆகிவிடும்.

மெர்ஜ் செய்த தொகை ஒவ்வொரு நிரைக்கும் தனித்தனியா, எல்லாவற்றுக்கும் பொதுவா என்பதை எந்த மேக்ரோவாலும் கண்டுபிடிக்க முடியாது. பட்டியல் போட்டவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் தொகை நிரல்களை நிரப்பாதீர்கள். பொதுவான தொகை என்றால் அவிழ்த்த பிறகு முதல் நிரையில் மட்டும் அது இருக்கட்டும்.

தலைப்புகளும் அப்படித்தான். மேலே சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் கம்பனிப் பெயர் எழுதி ஏ முதல் எச் வரை மெர்ஜ் செய்திருப்பார்கள். கீழே ‘மொத்தம்’ என்ற சொல் நான்கு நிரல்களுக்குக் குறுக்கே மெர்ஜாகி நிற்கும். முழு ஷீட்டிலும் மேக்ரோவை விட்டால் ‘மொத்தம்’ என்ற பெயரில் ஒரு சப்ளையரும் உருவாகிவிடுவார். மேக்ரோவுக்கு எல்லையைத் தெளிவாகக் கொடுங்கள்: எந்த நிரையில் தொடங்கி எந்த நிரையில் முடிகிறது, எந்தெந்த நிரல்கள்.

கடைசி நிரையைப் பிழையாகக் கண்டுபிடிப்பது

எங்கே முடிகிறது என்பதிலேயே அடுத்த பொறி இருக்கிறது. ஏ நிரலின் அடியிலிருந்து, அதாவது 1,048,576ஆவது நிரையிலிருந்து, மேலே தாவி முதலில் தட்டுப்படும் நிரம்பிய செல்லைக் கடைசி நிரையாக எடுப்பது எல்லோரும் எழுதும் முறை. கடைசி சப்ளையரின் பெயர் ஏ40 முதல் ஏ44 வரை மெர்ஜாகியிருந்தால் அந்தத் தாவல் 40இல் வந்து நிற்கும், ஏனென்றால் பெறுமதி அங்கேதான் இருக்கிறது. கடைசி நான்கு சாமான்கள் கணக்கில் சேராது. கடைசிப் பகுதி மட்டும் குறைவதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். மெர்ஜ் இல்லாத, எல்லா நிரையிலும் பதிவு உள்ள நிரலை வைத்து எண்ணுங்கள். சாமான் பெயர் நிரல் பெரும்பாலும் பொருந்தும்.

‘மெர்ஜ் இருக்கிறதா?’ என்று மொத்தமாகக் கேட்பது

மெர்ஜ் செல்ஸ் என்ற பண்பு, ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்லும் எனப் பலர் நினைக்கிறார்கள். ஒரு பகுதியில் சில செல்கள் மெர்ஜாகியும் சில அப்படி இல்லாமலும் இருந்தால் மூன்றாவது பதில் ஒன்று வரும்: நல் (Null), அதாவது ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத நிலை. இஃப் கட்டளை நல்லைக் கண்டால் ‘இல்லை’ பக்கமாகவே போய்விடும். அரைவாசி ஷீட் மெர்ஜாக இருக்கும்போதே உங்கள் மேக்ரோ ‘இங்கே மெர்ஜ் ஒன்றும் இல்லை’ என்று முடிவெடுத்து நகர்ந்துவிடும். இஸ் நல் என்று தனியாகச் சோதியுங்கள், அல்லது செல் செல்லாகக் கேளுங்கள். மெர்ஜ் ஏரியாவை ஒரு செல்லில்தான் கேட்க வேண்டும். பல செல்களில் கேட்டால் பிழை வரும், அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும்.

மெர்ஜின் அடியில் ஒளிந்திருக்கும் எண்கள்

நீண்ட காலம் எக்செல்லில் வேலை செய்தவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. மெர்ஜ் பொத்தானை அழுத்தினால் மூலைச் செல் தவிர மற்றவை அழிந்துவிடும், முன்கூட்டியே எச்சரிக்கையும் வரும். ஆனால் ஏற்கெனவே மெர்ஜான ஒரு செல்லின் வடிவத்தை ஃபார்மட் பெயின்டரால் எடுத்து, எண்கள் நிறைந்த இன்னொரு பகுதியில் பூசினால் அந்த எண்கள் அழிவதில்லை. மேலே ஒரு எண் மட்டும் தெரியும், அடியில் மற்றவை அப்படியே இருக்கும். சம் சூத்திரம் அவற்றையும் சேர்த்துக் கூட்டும். கல்குலேட்டரில் கூட்டினால் ஒரு தொகை, எக்செல்லில் வேறொரு தொகை.

அப்படியான பகுதியில் நிரப்பும் மேக்ரோ ஓடினால் ஒளிந்திருந்த உண்மையான எண்கள் மூலைச் செல்லின் பெறுமதியால் மூடுண்டு போகும். ஆகவே அவிழ்க்கும் முன் அந்தப் பகுதியில் நிரம்பிய செல்கள் எத்தனை என்று கவுன்ட்-ஏ மூலம் எண்ணச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் நிரப்பாமல், அந்த இடத்துக்கு மஞ்சள் நிறம் பூசிவிட்டுப் போகட்டும். நீங்கள் பார்த்து முடிவெடுங்கள்.

தொலைபேசி இலக்கமும் தமிழ் எழுத்தும்

நமது கைபேசி இலக்கங்கள் பூச்சியம் ஏழில் தொடங்குபவை. முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு 077 என்று தட்டியிருந்தால் எக்செல் அதை எழுத்தாக வைத்துக்கொள்ளும். மேக்ரோ அதன் பெறுமதியை எடுத்து அடுத்த செல்லில் எழுதும்போது மேற்கோள் குறி கூடவே வராது. பூச்சியம் கழன்று வெறும் எண்ணாகிவிடும். எழுதும் முன் அந்தச் செல்களின் வடிவத்தை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். வங்கிக் கணக்கு இலக்கங்களுக்கு இது கட்டாயம்.

தமிழில் வேலை செய்வோருக்கு இன்னொன்று. விபிஏ எழுதும் சாளரம் யூனிகோட் தமிழை ஏற்காது. ‘மொத்தம்’ என்று நேரடியாகத் தட்டினால் கேள்விக்குறிகளாக மாறிவிடும், அதை வைத்துச் செய்யும் ஒப்பீடு ஒருபோதும் பொருந்தாது. தேட வேண்டிய தமிழ்ச் சொல்லை ஷீட்டில் ஒரு செல்லில் எழுதி வைத்து, மேக்ரோவை அங்கிருந்து வாசிக்கச் செய்யுங்கள். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்கள் இன்னும் நிறைய அலுவலகங்களில் இருக்கின்றன. அவற்றின் பெறுமதியை மட்டும் புதிய ஷீட்டுக்குக் கொண்டுபோனால் எழுத்துரு கூடவே வராமல் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். தரவு அழியவில்லை, பதற வேண்டாம், அந்த நிரலுக்கு எழுத்துருவை மறுபடி கொடுத்தால் போதும்.

ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் மீண்டும் மெர்ஜ் செய்வது

வேலை முடிந்ததும் பட்டியலைப் பழைய அழகுக்குக் கொண்டுவர, அடுத்தடுத்து ஒரே பெறுமதி உள்ள செல்களை மெர்ஜ் செய்யும் மேக்ரோவை ஓட்டுகிறார்கள். பெயர் நிரலோடு நின்றால் சரி. சம்பள நிரலிலும் ஓட்டினால் என்ன ஆகும்? அடுத்தடுத்த இரண்டு பேருக்குச் சம்பளம் 60,000 ரூபா. மேக்ரோ இரண்டையும் ஒன்றாக்கிவிடும், ஒரு 60,000 அழிந்துபோகும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமுமாக அந்த இருவருக்கும் 24,000 ரூபா போக வேண்டும். பட்டியல் 12,000 என்று காட்டும். அழகுக்காகச் செய்த வேலையில் ஒருவரின் ஓய்வுகாலச் சேமிப்பு விடுபடலாம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதை எக்செல் எச்சரிக்காமல் விடாது. மூலைச் செல் தவிர மற்றவை அழியும் என்று ஒவ்வொரு மெர்ஜுக்கும் கேட்கும். அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருவது எரிச்சலாக இருப்பதால்தான் இணையத்தில் கிடைக்கும் மேக்ரோக்கள் பெரும்பாலும் எச்சரிக்கைகளைக் காட்டும் டிஸ்ப்ளே அலர்ட்ஸை அணைத்துவிடுகின்றன. பிழை வந்தாலும் தொடர்ந்து ஓடு என்று சொல்லும் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் வரியும் அதோடு சேர்ந்தே வரும். எடுத்த மேக்ரோவில் இந்த இரண்டும் இருந்தால் முதலில் அவற்றை நீக்கி, ஒரு பிரதியில் ஓட்டிப் பாருங்கள்.

பிரதி என்று நான் வற்புறுத்தக் காரணம், மேக்ரோ ஷீட்டை மாற்றிய பின் கண்ட்ரோல்-இசட் உங்களைக் காப்பாற்றாது. செய்ததைத் திரும்பப் பெறும் (அன்டூ) பட்டியலே வெறுமையாகிவிடும். மேக்ரோவின் தொடக்கத்திலேயே சேவ் கொப்பி ஆஸ் மூலம் ஃபைலின் பிரதி ஒன்றைச் சேமிக்கச் சொல்லலாம். அதோடு, ஓடும் முன் தொகை நிரல்களின் கூட்டுத்தொகையையும் நிரைகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, முடிந்ததும் ஒப்பிடச் செய்யுங்கள். மேலே சொன்ன தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒப்பீட்டில் அகப்பட்டுவிடும்.

அழகும் வேண்டும், தரவும் வேண்டும் என்றால்

உண்மையில் மீண்டும் மெர்ஜ் செய்யத் தேவையே இல்லை. குறுக்கே போகும் தலைப்புகளுக்கு, கண்ட்ரோல்-1 அழுத்தி அலைன்மென்டில் சென்டர் அக்ரோஸ் செலக்ஷன் என்பதைத் தெரிவு செய்யுங்கள். மெர்ஜ் போலவே நடுவில் நிற்கும், செல்கள் தனித்தனியாகவே இருக்கும். இது கிடையாகத்தான் வேலை செய்யும். மேலிருந்து கீழாக வரும் சப்ளையர் பெயருக்குக் கண்டிஷனல் ஃபார்மட்டிங் இருக்கிறது. பெயரை எல்லா நிரைகளிலும் விடுங்கள். ஏ3, ஏ2வுக்குச் சமமாக இருந்தால் என்று ஒரு விதி எழுதி, எண் வடிவத்தில் மூன்று அரைப்புள்ளிகளை மட்டும் கொடுங்கள். திரும்ப வரும் பெயர்கள் கண்ணுக்குத் தெரியாது, அச்சிலும் வராது. முதலாளிக்கு முன்பு பார்த்த அதே பட்டியல், உங்களுக்கு ஃபில்டரும் பிவட்டும் ஒழுங்காக வேலை செய்யும் தரவு.

ஃபைல் சம்பந்தமான சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் மேக்ரோ சேமிக்கப்படாது, எக்ஸ்எல்எஸ்எம் ஆகச் சேமியுங்கள். இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல்களில் மேக்ரோவைத் தடுக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2022இல் கொண்டுவந்தது. அனுப்பியவரை நீங்கள் அறிந்திருந்தால் மட்டும், ஃபைலை வலது கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸில் அன்பிளாக் என்பதைத் தெரிவு செய்யுங்கள். கைபேசி எக்செல்லிலும் இணைய எக்செல்லிலும் விபிஏ மேக்ரோ ஓடாது. கூகுள் ஷீட்ஸில் அப்ஸ் ஸ்கிரிப்ட்டில் வேறு மேக்ரோ எழுத வேண்டும். அங்கே மெர்ஜை அவிழ்க்கும் கட்டளையின் பெயர் பிரேக் அபார்ட். அவிழ்த்ததும் கீழ்ச் செல்கள் காலியாக வருவது அங்கேயும் இப்படித்தான், ஆகவே பகுதியைப் பிடித்து வைத்துவிட்டே அவிழ்க்க வேண்டும்.