செராமிக் கோட்டிங்: கடையில் விடுவதா, நாமே போடுவதா?

செராமிக் கோட்டிங் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவுங்க ஆகும்?" என்றுதான். பணத்தைக் கடைசியில் பேசலாம். வண்டியின் பெயிண்ட் இப்போது எப்படி இருக்கிறது, வீட்டில் வண்டி கழுவுவது எந்தத் தண்ணீரில், ஒரு நாள் முழுக்க வண்டியை மூடி வைக்க இடம் உண்டா என்று பாருங்க. அதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

முதல்முறை கேள்விப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இது சிலிக்கா சார்ந்த ஒரு திரவம். பெயிண்டின் மேலடுக்கான கிளியர் கோட்டோடு ஒட்டி இறுகிவிடும். இறுகிய பிறகு அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். கிளியர் கோட்டே 40, 50 மைக்ரான் இருக்கும். தண்ணீர் நிற்காமல் ஓடும், அழுக்கு சுலபமாகக் கழுவிப் போகும், பளபளப்பு கூடும். பறவை எச்சம் விழுந்தால் துடைக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கல்லடியைத் தாங்காது. டப்பாவில் போட்டிருக்கும் "9எச்" என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மணல் துகள் பட்டால் கீறல் விழத்தான் செய்யும். தேசிய நெடுஞ்சாலை 544-இல் தினமும் டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுகிறவர், பானெட்டுக்கும் முன் பம்பருக்கும் பிபிஎஃப் என்கிற தடித்த ஃபிலிம் ஒட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். அது வேறு வேலை, வேறு செலவு.

படி 1: பெயிண்டைப் பாருங்க

வண்டியைக் கழுவித் துடைத்து, பொழுது சாய்ந்த பிறகு போன் டார்ச்சைப் பானெட் மேல் சாய்வாகப் பிடியுங்க. வெளிச்சத்தைச் சுற்றி வட்டவட்டமாக மெல்லிய கோடுகள் தெரிகிறதா? அழுக்குத் துணியாலும் வாட்டர் சர்வீஸ் பிரஷ்ஷாலும் விழுந்த கீறல்கள் அவை. கறுப்பு, கருநீல வண்டிகளில் நன்றாகவே தெரியும். புது வண்டி என்று விட்டுவிட வேண்டாம். டெலிவரிக்கு முன் அவசரமாகத் துடைத்ததில் புது வண்டியிலும் இவை இருக்கும்.

கோட்டிங் இந்தக் கோடுகளை மறைக்காது. படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட மாதிரி, உள்ளே இருப்பதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் முதலில் பாலிஷ் போட்டுக் கோடுகளை எடுக்க வேண்டும். கடைக்காரர் வாங்கும் பணத்தில் பெரும்பங்கு இந்த பாலிஷ் உழைப்புக்குத்தான். பாலிஷ் என்பது கிளியர் கோட்டை ஓரிரு மைக்ரான் தேய்த்து எடுப்பது. பழகாத கையில் மெஷின் ஒரே இடத்தில், அதுவும் ஓரங்களில், அழுத்தமாக நின்றால் கிளியர் கோட்டே போய்விடும். போனதைத் திரும்பப் பெயிண்ட் அடித்துத்தான் சரிசெய்ய முடியும்.

என் கருத்து இதுதான்: கோடுகள் நிறைந்த வண்டி என்றால் கடைக்குப் போங்க. பெயிண்ட் சுத்தமாக இருக்கிற வண்டி என்றால் தைரியமாக நீங்களே போடலாம்.

டிங்கரிங் செய்து புதிதாகப் பெயிண்ட் அடித்த பேனல் இருந்தால், குறைந்தது ஒரு மாதமாவது விட்டுவிட்டு ஆரம்பியுங்க.

படி 2: தண்ணீரைப் பாருங்க

நம்ம கோவை, திருப்பூர்ப் பக்கம் கோட்டிங்கைக் கெடுப்பது வெயிலைவிடத் தண்ணீர்தான். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்குக் கவலை குறைவு. காங்கேயம், பல்லடம், தாராபுரம் பக்கம் ஆழ்துளைப் போர் தண்ணீரில் பல இடங்களில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் வண்டியில் வெள்ளை வளையமாகப் படிகிறது.

கோட்டிங் போட்ட வண்டியில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஓடியது போக மிஞ்சும் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். வெயில் பட்டதும் முத்து காயும், உப்பு மட்டும் அதே இடத்தில் வட்டமாக நிற்கும். சூடான தகட்டில் திரும்பத் திரும்ப இப்படிக் காய்ந்தால், அந்தக் கறை கோட்டிங்கிலேயே பதிந்துவிடும். யாரிடம் எவ்வளவு கொடுத்துப் போட்டாலும் இதுதான் நிலை.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்க. அது கடினத்தன்மையை நேராக அளக்காது, ஆனாலும் ஒரு கணக்குக் கிடைக்கும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். உங்கள் போர் தண்ணீர் அதைத் தாண்டினால், கழுவுவதை அதில் வைத்துக்கொண்டு, கடைசி அலசலை மட்டும் ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் செய்யுங்க. பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இதற்கு மிக நல்லது. மருந்தடிக்கிற கைத்தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கினால் கொஞ்சத் தண்ணீரிலேயே முடியும். தோட்டத்தில் மருந்தடித்த பழையது வேண்டவே வேண்டாம். அலசியதும் காயவிடாமல் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்க.

வெயிலில் நிறுத்தி, போர் தண்ணீரை ஹோஸில் பீய்ச்சி, அப்படியே காய விடுவதுதான் வீட்டுப் பழக்கம் என்றால், அதை மாற்றிக்கொண்ட பிறகே கோட்டிங்குக்குச் செலவு செய்யுங்க.

படி 3: இடமும் மாதமும்

ஆடிக் காற்றில் இந்த வேலை ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தூசியை வாரி இறைக்கும். சித்திரை வெயிலில் துடைப்பதற்குள் திரவம் இறுகிவிடும். ஐப்பசி அடைமழையும் சரிப்படாது. தை, மாசி நல்ல காலம். பனி இறங்குவதால் இரவில் வண்டி கூரைக்குக் கீழே நிற்க வேண்டும். தறிக்கூடம், ஸ்பின்னிங் மில் பக்கத்தில் இருப்பவர்கள் பஞ்சு பறக்காத மூடிய இடம் பாருங்க. தகர ஷெட் என்றால் விடிகாலையில் ஆரம்பித்து, தகரம் சூடேறும் முன் முடியுங்க.

இப்படி ஓர் இடம் இல்லையென்றால் கடைதான்.

கடையில் கேட்க வேண்டியது

சின்னக் காருக்கு ஏறக்குறைய ரூ.15,000-இல் ஆரம்பித்து, பெரிய வண்டிக்கு ரூ.40,000-ஐத் தாண்டியும் கேட்பார்கள். எத்தனை முறை பாலிஷ், பெயிண்ட் தடிமனை மீட்டரில் அளப்பார்களா, பாட்டிலை நம் முன்னால் திறப்பார்களா என்று கேளுங்க. வாரண்டி அட்டையை முழுக்கப் படியுங்க. வருடா வருடம் அவர்களிடமே பணம் கட்டிப் பராமரிக்க வேண்டும், தண்ணீர்க் கறைக்கு வாரண்டி இல்லை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். "காலையில விடுங்க, சாயங்காலம் எடுத்துக்கலாம்" என்று சொன்னால் வேறு கடை பாருங்க. ஒழுங்கான பாலிஷும் இறுகும் நேரமும் அந்த ஒரு பகலுக்குள் அடங்காது.

நீங்களே போடும்போது

மெஷின் இல்லாமல் எல்லாப் பொருளும் சேர்த்து ரூ.8,000-க்குள் முடிக்கலாம். ஒரு காருக்கு 30 முதல் 50 மில்லி பாட்டில் போதும். கையுறை, மாஸ்க் கட்டாயம். பக்கத்தில் நெருப்பு கூடாது.

மெழுகு கலக்காத ஷாம்பூவில் கழுவுங்க. பிறகு அயர்ன் ரிமூவர் அடியுங்க. பெயிண்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகள் ஊதா நிறமாகக் கரைந்து ஒழுகும். கோவையில் ஃபவுண்டரிகள் இருக்கும் பகுதிகளில் நிற்கிற வண்டியில் இதைத் தவிர்க்கவே கூடாது. அலசிவிட்டு, வழுக்கும் திரவம் தெளித்து, அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் கட்டியான கிளே பாரை அழுத்தாமல் ஓட்டுங்க. விரல் நுனிக்குச் சொரசொரப்பு தட்டாமல் போகும் வரை ஓட்ட வேண்டும். தேவையானால் மட்டும் கையால் லேசான பாலிஷ். அடுத்து, தண்ணீர் கலந்த ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்க.

இனிதான் கோட்டிங். இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக எடுத்துக்கொள்ளுங்க. அப்ளிகேட்டரில் சில சொட்டு விட்டு, நெடுக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை தடவுங்க. வானவில் போல நிறம் மின்னும். அதுதான் துடைக்க வேண்டிய நேரம். குளிர்ந்த ஊரில் ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், இங்கே அரை நிமிடத்திலேயே வந்துவிடலாம். கடிகாரத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பாருங்க. ஒரு துணியால் துடைத்து, இன்னொரு துணியால் மெருகேற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த சதுரத்துக்குப் போங்க. திட்டாக நின்றுவிட்டால் அதன் மேல் ஒரு சொட்டு விட்டு உடனே துடையுங்க. இறுகிய பிறகு கண்ணில் பட்டால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பயமாக இருந்தால் முதலில் பைக் டேங்கில் போட்டுப் பழகுங்க. பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

முடித்த பின் 24 மணி நேரம் தண்ணீர் படாமலும், ஒரு வாரம் ஷாம்பூ போடாமலும் வையுங்க. துடைத்த துணிகளைத் துவைத்து மறுபடி வண்டிக்கு எடுக்காதீங்க. அதில் இறுகிய கோட்டிங் பெயிண்டைக் கீறும், எறிந்துவிடுங்க. திறந்த பாட்டில் காற்றின் ஈரத்திலேயே கெட்டியாகிவிடும். மிச்சத்தை அடுத்த வண்டிக்கென்று எடுத்து வைக்காமல், அன்றைக்கே ஹெட்லைட்டிலும் கழுவித் துடைத்த அலாய் வீலிலும் போட்டு முடித்துவிடுங்க.