தலைமையாசிரியரின் ஆன்மிகமும் அன்றாடப் பணியும்

தலைமையாசிரியர் தம் ஆன்மிகத்தைப் பள்ளிப் பணியில் கொண்டுவர விரும்பினால், காலைக் கூட்டத்தின் அருளுரையை விட்டுவிட்டுத் தம் நாளின் முதல் பத்து நிமிடங்களிலிருந்து தொடங்குவது நல்லது. அந்த நேரத்தை வீட்டிலேயே ஒதுக்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்குள் நுழைந்துவிட்டால், வராத ஆசிரியருக்கு மாற்று ஏற்பாடும் வாசலில் காத்திருக்கும் பெற்றோரும் அதை விழுங்கிவிடுவர். பிரார்த்தனை, தியானம், மறைநூல் வாசிப்பு, கடவுள் நம்பிக்கை இல்லாதவராயின் வெறும் அமைதி, எதுவாயினும் சரி. அன்று சந்திக்க மனம் கூசும் ஒருவரை நினைவில் கொண்டுவந்து, அவரிடம் பேசப்போகும் முதல் வாக்கியத்தை அப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மாலைக்கு, 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஆன்ம சோதனை பொருத்தமானது. நன்றியில் தொடங்கி, கழிந்த நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்த்து, பிழைக்கு மன்னிப்பு வேண்டி, திருந்தும் உறுதியில் முடியும் முறை அது. எந்தச் சமயத்தவரும் தமக்கேற்ப மாற்றிக் கைக்கொள்ளலாம். யாரையேனும் பிறர் முன்னிலையில் கடிந்துகொண்டது அப்போது நினைவுக்கு வந்தால், மறுநாள் கேட்கும் மன்னிப்பும் அதே பிறர் முன்னிலையில் இருக்க வேண்டும். என் கணிப்பில், இந்த வழிகாட்டியில் உள்ளவற்றுள் மிகக் கடினமானது இதுவே.

ஒழுங்கு நடவடிக்கைக்கான குறிப்பாணையைச் சினத்தோடு எழுத நேர்ந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தை மட்டும் மறுநாள் காலை அந்தப் பத்து நிமிடங்களுக்குப் பின் இடுங்கள். ஆனால் குழந்தையின் பாதுகாப்பு தொடர்பான புகாரில் இந்தத் தாமதம் கூடவே கூடாது. அங்கே மன்னிப்பும் பொறுமையும் குற்றத்தை மூடும் போர்வையாகிவிடும் என்பதால், விதிப்படி உடனே உரியவர்களிடம் தெரிவித்துவிடுங்கள்.

உங்கள் நம்பிக்கையைப் பற்றி யாரேனும் கேட்டால் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் உங்கள் பிரார்த்தனைக்கு ‘விருப்பமுள்ளவர்கள் வரலாம்’ என்று நீங்கள் அழைக்கும்போது, விடுப்புக்கும் பணி மதிப்பீட்டுக்கும் உங்கள் கையெழுத்தை எதிர்பார்த்திருக்கும் ஆசிரியருக்கு வராமலிருக்கும் உரிமை ஏட்டளவிலேயே இருக்கும். ஆகவே அத்தகைய அழைப்பைத் தலைமையாசிரியர் விடுக்காதிருப்பதே முறை.

இவற்றால் பயன் உண்டா என்று அறிய, தலைவர் முதலில் பிறருக்குச் சேவை செய்பவராக இருக்க வேண்டும் என்னும் ‘சேவைத் தலைமை’ கருத்தை 1970-இல் முன்வைத்த அமெரிக்க மேலாண்மைச் சிந்தனையாளர் ராபர்ட் கிரீன்லீஃப் ஓர் அளவுகோல் தந்தார்: சேவை பெறுவோர் வளர்கிறார்களா, சமூகத்தில் மிகக் குறைந்த வாய்ப்புடையோருக்கு அதனால் என்ன நேர்கிறது. பருவத்துக்கு ஒருமுறை, துப்புரவுப் பணியாளரும் தேர்வில் தொடர்ந்து தோற்கும் மாணவரும் உங்கள் அறைக்குள் தயக்கமின்றி வருகிறார்களா என்று கவனித்து, தேதியிட்டுக் குறித்து வையுங்கள்.