காற்றில் பானை உடையாமலிருக்க
திறந்தவெளிக் கண்காட்சியில் 10க்கு 10 அடிக் கூடாரம் போட்டால், ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 20 கிலோ எடை கட்டுங்கள். 20 லிட்டர் கேன் நிறையத் தண்ணீரே போதும். ஆனால் காலடியில் சும்மா வைத்தால் பயனில்லை. காற்று கூரையைத்தான் தூக்கும். மேல்மூலைச் சட்டத்திலிருந்து கயிற்றை இறக்கிக் கேனில் இறுக்குங்கள். கேனைக் காலோடும் சேர்த்துக் கட்டாவிட்டால், அது ஆடிப் பக்கத்துப் பானையை இடித்துவிடும்.

அலமாரியைக் கூடாரக் காலில் கட்டவே கூடாது. கூடாரம் அசைந்தால் தட்டோடு எல்லாம் சரியும். கனமான ஜாடிகள் கீழ்த்தட்டில் இருக்கட்டும். வாய் குறுகிய உயரமான குடுவைகளுக்குள் சிறு மணல் பொட்டலம் போடுங்கள். புல்தரை என்றால் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அலமாரியின் தாழ்ந்த காலுக்கு மரத்துண்டு கொடுங்கள். மதியத்துக்குள் மண் அமுங்கும், மறுபடி பாருங்கள்.