பள்ளிக்கு ஆக்குபேஷனல் தெரபி கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் ஆக்குபேஷனல் தெரபி தொடங்கலாம் என்று யாராவது முன்வந்தால், பேச்சு முதலில் போய் நிற்பது ஓர் அறையில்தான். காலியாகக் கிடக்கும் வகுப்பறையைச் சுத்தம் செய்து, வண்ணம் அடித்து, ஊஞ்சல், பெரிய ரப்பர் பந்து, மெத்தை எல்லாம் வாங்கிப் போட்டுத் திறப்பு விழா வைத்துவிடுகிறார்கள். நன்கொடை தருபவருக்கு அது பிடிக்கும், போட்டோவிலும் நன்றாக இருக்கும். ஆனால் தெரபிஸ்ட் மாதத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார் என்றால் மற்ற நாளெல்லாம் அந்த அறை பூட்டியே கிடக்கும். கையில் இருக்கிற பணத்தை முதலில் ஆளுக்குச் செலவிடுங்கள். பொருள் அப்புறம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி., என்பது ஒருவர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்ய உதவும் சிகிச்சை. பள்ளிப் பிள்ளைக்கு அன்றாட வேலை எது? நிமிர்ந்து உட்கார்வது, எழுதுவது, பையின் ஜிப்பைத் திறப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, கழிப்பறைக்குப் போய்த் தானே கழுவிக்கொண்டு வருவது, சத்தத்தையும் நெரிசலையும் தாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பது. இதில் எதுவுமே தனி அறைக்குள் நடப்பதில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது நம் மதுரையில்தான். அந்தச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தெரபிஸ்ட் ஓரமாக நின்று பார்த்தாலே போதும். எந்தப் பிள்ளை பொங்கலைக் கையால் எடுத்து வாய்க்குக் கொண்டுபோகத் திணறுகிறது, எது தட்டைச் சாய்த்துவிடுகிறது, எது கையில் பிசுபிசுப்பு பட்டதும் அழுகிறது, எது இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்துகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். அறைக்குள் அழைத்து உட்கார வைத்துச் செய்யும் பரிசோதனையில் இவ்வளவு தெரியாது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 'பார்ட்னரிங் ஃபார் சேஞ்ச்' என்றொரு முறையை உருவாக்கினார்கள். தெரபிஸ்ட் பள்ளிக்கே வந்து, வகுப்புக்குள் ஆசிரியரோடு சேர்ந்து வேலை செய்கிறார். முதலில் வகுப்பு முழுவதற்கும் பயன்படும் மாற்றங்கள், அதில் தேறாத பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம், அதிலும் தேறாதவர்களுக்குத்தான் தனிப்பட்ட உதவி. இன்ன குறைபாடு என்று முத்திரை விழும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. தெரபிஸ்டுகள் குறைவாக இருக்கும் நம் ஊருக்கு இந்த வரிசை இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

முத்திரைக்குக் காத்திருப்பதுதான் அடுத்த பெரிய தவறு. "சர்டிபிகேட் வரட்டும், பார்க்கலாம்" என்று சொல்லும் பள்ளிகள் நிறைய. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி போன்ற சில உரிமைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது, அதன் தேவைக்கு ஏற்ற வசதி செய்துகொடுப்பது, தனிப்பட்ட உதவி தருவது எனப் பள்ளிகளின் கடமைகளைச் சொல்லும் 16-ஆம் பிரிவில் அந்த 40 சதவீதம் இல்லை. சான்றிதழ் அளவை எட்டாத பிள்ளைகள்தான் வகுப்பில் அதிகம். உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம் உள்ள பிள்ளைகள் 5 முதல் 11 வயதுக்குள் நூற்றுக்கு ஐந்தாறு பேர் இருப்பார்கள் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அடையாள அட்டை இருக்காது. "சோம்பேறி", "கையெழுத்து கோழிக் கிறுக்கல்" என்ற பெயர்தான் இருக்கும்.

எழுத்து விஷயத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. பென்சிலைப் பிடிக்கும் விதத்தைத் திருத்துவதே ஓ.டி. என்று பெற்றோரும் ஆசிரியரும் நினைத்துவிடுகிறார்கள். மூன்று விரல் பிடிதான் சரி, மற்றதெல்லாம் தப்பு என்பது கிடையாது. நான்கு விரலால் பிடித்து வலியில்லாமல், வேகமாக, படிக்கும்படி எழுதும் பிள்ளையை அப்படியே விட்டுவிடலாம். அதேபோல மாவு பிசைவது, மணி கோர்ப்பது, அஞ்சாங்கல் ஆடுவது எல்லாம் கைக்கு நல்லதுதான். வீட்டில் அம்மா மல்லிகைப்பூ கட்டும்போது பிள்ளையையும் கூட உட்கார வைத்தால் இரண்டு கைகளும் சேர்ந்து வேலை செய்யப் பழகும். ஆனால் எழுத்து தேற வேண்டுமானால் எழுதித்தான் பழக வேண்டும். கைவலுப் பயிற்சியை மட்டும் மாதக்கணக்கில் செய்துவிட்டு எழுத்து தானாக மாறும் என்று காத்திருப்பது வீண். ஆய்வுகளும் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன.

எழுத்துக்கு முன்னால் உட்காரும் இடத்தைப் பாருங்கள். பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையின் கால் தரையில் படாமல் தொங்கினால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் கை ஆடும். காலுக்கடியில் ஒரு பலகையோ இரண்டு செங்கலோ வைத்தால் போதும். தரையில் உட்கார்ந்து படிக்கும் சின்ன வகுப்புகளில், முதுகு தளரும் பிள்ளையைச் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார விடுங்கள். செலவே இல்லாத இந்த மாற்றங்களை ஒரு தெரபிஸ்ட் ஒரே காலையில் வகுப்பு முழுவதற்கும் செய்துவிட்டுப் போகலாம்.

பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரே, பிறகு ஓ.டி. எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நடை, மூட்டு, தசை பலம் அவர் பார்ப்பது. நிற்கத் தெரிந்த பிள்ளை கழிப்பறைக் குழாயைத் திறக்கவும் டவுசரை ஏற்றிவிடவும் கற்றுக்கொள்வது ஓ.டி. பார்ப்பது. இரண்டு பேரும் வேண்டும்.

பிள்ளையை வண்டி ஏற்றி வரவழைப்பதையே சேவை என்று நினைப்பதும் சரியில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்கள் இருக்கின்றன, சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், முகாம்களும் நடக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்தோ பேரையூர்ப் பக்கத்திலிருந்தோ ஒரு தாய் அன்றைய கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வர வேண்டும் என்றால் எத்தனை வாரம் வருவார்? நாலாவது வாரம் வராவிட்டால் "பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை" என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறோம். அது அநியாயம். மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். எல்லாப் பள்ளியையும் வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் தெரபிஸ்டைவிட, பக்கத்துப் பக்கத்தில் உள்ள ஐந்து பள்ளிகளுக்கு வாரம் ஒரு நாள் தவறாமல் போகும் தெரபிஸ்டால்தான் பிள்ளைகளுக்குப் பலன். ஐந்து பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள் சேர்ந்து ஒரே நன்கொடையாளரிடம் கேட்டால் இது நடக்கக்கூடிய காரியமே. போகும் நாளில் பிள்ளையை விளையாட்டுப் பீரியடிலிருந்து மட்டும் இழுத்து வராதீர்கள். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஓடும் அந்த நேரம் அதற்கு மிக முக்கியம்.

ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மண்டபத்தில் கேட்டது மறுநாள் வகுப்பில் மறந்துபோகும். ஒரு பிள்ளை, ஒரு இலக்கு என்று எழுதி வையுங்கள். "கைத்திறன் மேம்பட வேண்டும்" என்பது இலக்கு ஆகாது. "பொங்கல் லீவுக்குள் டிபன் பாக்ஸைத் தானே திறக்க வேண்டும்" என்பது இலக்கு. அதை ஆசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் சத்துணவு அக்காவும் வீட்டில் பாட்டியும் தெரிந்து வைத்திருந்தால் தினமும் பயிற்சி நடக்கும். இத்தனை அமர்வுகள் நடத்தினோம் என்று கணக்கு காட்டும் அறிக்கைகளை நன்கொடையாளர்கள் ஏற்கக் கூடாது. பிள்ளை இப்போது எதைத் தானே செய்கிறது என்று கேளுங்கள்.

குறுகிய காலச் சான்றிதழ் படிப்போடு "தெரபிஸ்ட்" என்று போர்டு மாட்டிக்கொள்பவர்களிடமும் ஜாக்கிரதையாக இருங்கள். ஆக்குபேஷனல் தெரபி என்பது பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் படிக்கும் பட்டப்படிப்பு. இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வரும் தொழில் அது. பட்டத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

தெரபிஸ்ட் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-இல் தொடங்கியது. அதன் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில், எடையும் பல்லும் பார்த்து முடித்ததும், உங்களுக்குச் சந்தேகமான பிள்ளைகளின் பெயர்களை வகுப்பாசிரியரே எழுதிக் கொடுக்கலாம். அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரியில் உள்ள மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது பிள்ளைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மையத்துக்கு, பரிந்துரை கேளுங்கள். பெற்றோரிடம் முதலில் பேசிவிட்டுச் செய்யுங்கள். "பிள்ளைக்கு ஏதோ குறைன்னு எழுதிட்டாங்க" என்று ஊருக்குள் பேச்சு வந்தால் அந்த வீட்டுக் கதவு அதோடு மூடிவிடும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் இருக்கின்றன. இவற்றை ஜனவரியில் தேடி ஓடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே மருத்துவச் சான்றை வாங்கி, பள்ளித் தேர்வுகளில் எழுதுபவரோடு உட்கார்ந்து பழக விடுங்கள். விடையை மனதில் கோர்த்து வாய்விட்டுச் சொல்வதே தனிப் பழக்கம், அது வர மாதங்கள் ஆகும்.