நேரும் மறையும் சேரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

−3 − 5 எவ்வளவு என்று தரம் 8 பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். யாராவது ஒருவர் +8 என்பார். காரணமும் கூடவே வரும்: "மறையும் மறையும் நேர்தானே!" திருகோணமலையில் பள்ளிக்கூடமானாலும் ரியூசன் கொட்டில் ஆனாலும் இந்த வரி மனப்பாடம். அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதி என்பதுதான் மறந்துபோகிறது.

கடல்மட்டத்தைப் பூச்சியமாக வையுங்கள். புறாத்தீவுப் பக்கம் சுழியோடும் ஒருவர் 3 மீற்றர் ஆழத்தில் இருக்கிறார், அது −3. இன்னும் 5 மீற்றர் இறங்கினால் −8. கீழே இறங்கியவர் தண்ணீருக்கு மேல் 8 மீற்றரில் எப்படி நிற்பார்? அவரே −7 இலிருந்து 4 மீற்றர் ஏறினால் −3 இல் இருப்பார். இதற்கு −11 என்று எழுதுபவர்கள் 7 ஐயும் 4 ஐயும் கூட்டிவிட்டு, முன்னால் நின்ற குறியை ஒட்டிவிடுகிறார்கள். குறிகள் ஒத்திருந்தால் கூட்டி அதே குறியை இடுங்கள். வேறுபட்டால் குறியைப் பார்க்காமல் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணின் குறியை இடுங்கள். (வெப்பமானியை வைத்தும் விளக்கலாம்தான். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே குளிரே காணாத ஊரில் கடலே சுலபம்.)

அப்படியானால் 4 − (−3) ஏன் 7 ஆகிறது? இங்கே இரண்டு குறிகளும் நடுவில் எண் இல்லாமல் அடுத்தடுத்து நிற்கின்றன. மறை எண்ணைக் கழிப்பது அதன் நேர் எண்ணைக் கூட்டுவதற்குச் சமன். விடையைக் கூட்டிச் சரிபார்க்கலாம்: 7 + (−3) = 4. விடை 1 என்று எழுதியிருந்தால் 1 + (−3) = −2 ஆகும்; 4 வராது. −3 − 5 இல் இரண்டு குறிகளுக்கும் இடையே 3 நிற்கிறது. ஆகவே அவற்றைச் சேர்த்து ஒரு குறியாக்க முடியாது.

மறையை மறையால் பெருக்கினால் ஏன் நேர் என்று பிள்ளை கேட்டால், "அது விதி" என்று வாயை அடைக்காதீர்கள். இதை எழுதிக் காட்டுங்கள்:

3 × (−2) = −6
2 × (−2) = −4
1 × (−2) = −2
0 × (−2) = 0

ஒவ்வொரு வரியிலும் விடை 2 ஆல் கூடுகிறது. அடுத்த வரி (−1) × (−2). அதன் விடை 2 ஆகத்தான் இருக்க முடியும். கி.பி. 628 இலேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் நேர் எண்ணை உடைமை, மறை எண்ணைக் கடன் என்று சொல்லி இவ்விதிகளை எழுதிவைத்துவிட்டார். மூன்று மறைகள் வந்தால் விடை மறை: (−1)(−2)(−3) = −6. வகுத்தலுக்கும் இதே விதிதான்.

அட்சரகணிதத்துக்கு வந்தால் அடைப்புத்தான் பெரிய பொறி. −2(x − 5) ஐ விரிக்கும்போது −2x − 10 என்று எழுதுவது வழமையான பிழை. வெளியே நிற்கும் −2 உள்ளே இருக்கும் ஒவ்வோர் உறுப்பையும் அதன் குறியோடு பெருக்க வேண்டும். சரியான விடை −2x + 10. 8 − (x − 3) இல் அடைப்புக்கு முன் எண் தெரியாததால் இரண்டாவது குறியை மாற்ற மறந்து 5 − x என்பார்கள். அங்கே −1 இருப்பதாக நினைத்துக்கொண்டால் 8 − x + 3, அதாவது 11 − x வரும்.

வர்க்கத்தில் இன்னும் நுணுக்கமான சிக்கல். −3² என்பது −9. (−3)² என்பது 9. முதலாவதில் வர்க்கம் 3 ஐ மட்டுமே பிடிக்கிறது. x = −3 ஆகும்போது x² − 2x + 1 ஐக் காண, முதலில் x இருந்த இடமெல்லாம் அடைப்பு இட்டு, பிறகு எண்ணை எழுதுங்கள்: (−3)² − 2(−3) + 1 = 9 + 6 + 1 = 16. அடைப்பில்லாமல் −9 − 6 + 1 என்று செய்தவருக்கு −14 வந்திருக்கும். கணினியை நம்பிச் சரிபார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எக்செலில் =-3^2 என்று தட்டினால் 9 காட்டும். கணித வழக்கில் அது −9.

"மறுபக்கம் போனால் குறி மாறும்" என்பதும் அரைகுறை விதி. −3x = 12 ஐத் தீர்க்கையில் x = 12 ÷ 3 = 4 என்று எழுதுவோர் பலர். −3 இங்கே x ஐப் பெருக்குகிறது. இரு பக்கத்தையும் −3 ஆல் வகுக்க வேண்டும். x = −4. அந்த மறைக்குறி எண்ணோடே போகும், மாறாது.

சமனிலியில் மறை எண்ணால் வகுத்தால் மாறுவது சமனிலிக் குறி. −2x < 6 எனில் x > −3. x < −3 என்று எழுதிவிட்டீர்களோ என்று ஐயமிருந்தால் x = 0 ஐப் பிரதியிடுங்கள். 0 < 6 உண்மை. எனவே 0 விடைக்குள் அடங்க வேண்டும்.