எண்டோஸ்கோப்பி தெளிப்புக் கருவி: மருந்து திட்டுத் திட்டாகப் படியக் காரணமான வடிவமைப்புத் தவறுகள்

எண்டோஸ்கோப் (உடலுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) வழியாகச் செலுத்தும் மெல்லிய குழலின் நுனியில் இருப்பது நாஸில், அதாவது தெளிப்பு முனை. மேசைமேல் அழகாகத் தெளிக்கும் நாஸில், வயிற்றுக்குள் போனதும் ஓரிடத்தில் மருந்தைக் குளமாகத் தேக்கிவிட்டு, பக்கத்திலேயே ஒரு துளிகூடப் படாத திட்டை விட்டுவைக்கும். தெளித்தது இண்டிகோ கார்மைன் போன்ற சாயம் என்றால், அந்தத் திட்டுக்குள் இருக்கும் தட்டையான ஆரம்பநிலைக் கட்டி மருத்துவர் கண்ணில் படாமலே போகலாம். ரத்தக்கசிவை நிறுத்தும் பொடி என்றால் கசியும் இடம் மூடப்படாமல் கிடக்கும். அதனால் சீராகத் தெளிப்பதை அழகு சார்ந்த விஷயமாக நினைக்கக் கூடாது. கோளாறைத் தேடுபவர்கள் முதலில் நாஸிலைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு இருப்பது அதற்குப் பின்னால் உள்ள இரண்டு மீட்டர் குழலிலும், அதற்கு முன்னால் உள்ள இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியிலும்.

நாஸிலை முதலில் வரைவது

வேலையைத் தொடங்க வேண்டிய இடம் எண்டோஸ்கோப்பின் கருவித் தடம், அதாவது கருவிகளை உள்ளே விடும் துளை. வழக்கமான இரைப்பை எண்டோஸ்கோப்பில் அதன் விட்டம் 2.8 மி.மீ. அதில் தடையின்றி ஓட கதீட்டரின் (மருந்தைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழலின்) வெளிவிட்டம் 2.3 மி.மீ. அளவில், அதாவது கதீட்டர்களை அளக்கும் 7 ஃபிரெஞ்சு அளவில் இருக்க வேண்டும். சுவர்த் தடிமனைக் கழித்தால் உள்விட்டம் 1.5 மி.மீ. கிடைப்பதே பெரிய விஷயம்.

அதை 1.0 மி.மீ. ஆக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குழல் நீளம் 2.2 மீட்டர், உள்ளே போவது தண்ணீர் போன்ற திரவம், ஓட்டம் நொடிக்கு 1 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 1.5 மி.மீ. என்றால் குழலிலேயே இழக்கும் அழுத்தம் சுமார் 18 கிலோபாஸ்கல். 1.0 மி.மீ. என்றால் அதுவே சுமார் 90. ஆரத்தின் நான்காம் அடுக்கு செய்யும் வேலை இது. திரவம் தண்ணீரைவிட ஐந்து மடங்கு பிசுபிசுப்பாக இருந்தால் 450 கிலோபாஸ்கல் ஆகிவிடும்.

இந்த அழுத்தத்தைத் தருவது யார்? பெரும்பாலும் உதவியாளரின் கட்டைவிரல். 50 நியூட்டன் விசையில் அழுத்தினால், சுமார் 12 மி.மீ. உள்விட்டமுள்ள 5 மி.லி. சிரிஞ்சில் 440 கிலோபாஸ்கல் வரும். 20 மி.லி. சிரிஞ்சில் அது 170 அளவுக்கும், 50 மி.லி. சிரிஞ்சில் 80 அளவுக்கும் இறங்கிவிடும். நாஸில் கூம்பாக விரிய 100 கிலோபாஸ்கல் தேவை என்று வையுங்கள். 1.0 மி.மீ. குழலோடு சேர்த்து மொத்தத் தேவை 190. 20 மி.லி. சிரிஞ்சால் முடியாது. திரவத்தைச் சுழலவைத்துக் கூம்பாக விரிக்கும் சுழல் நாஸிலில், அழுத்தம் போதாவிட்டால் கூம்பு சுருங்கி ஒற்றைத் தாரையாகிவிடும். அந்தத் தாரைதான் திசுமேல் குளம் கட்டுகிறது. 1.5 மி.மீ. குழலில் மொத்தத் தேவை 118 என்பதால் அதே சிரிஞ்சு போதும். ‘பெரிய சிரிஞ்சு கொடுத்தால் அடிக்கடி மாற்ற வேண்டாமே’ என்று நினைத்து 50 மி.லி. சிரிஞ்சைப் பொருத்துவது அடிக்கடி நடக்கும் தவறு. அளவு கூடக் கூட அழுத்தம் குறையும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அகலமான குழலுக்கும் ஒரு விலை உண்டு. 2.2 மீட்டர் நீளத்தில் 1.5 மி.மீ. குழலுக்குள் தங்கிவிடும் மருந்து சுமார் 3.9 மி.லி.; 1.0 மி.மீ. குழலில் 1.7 மி.லி. மருந்து விலை உயர்ந்தது என்றால் இந்த மிச்சம் வலிக்கும். அதை வெளியேற்றக் காற்றால் தள்ளச் சொல்லிப் பயன்பாட்டுக் குறிப்பில் எழுதாதீர்கள். காற்றும் திரவமும் கலந்து நுனிக்கு வரும்போது நாஸில் துப்பும். உப்புநீரால் தள்ளி, எத்தனை மி.லி. தள்ளியதும் நிறுத்த வேண்டும் என்று எழுதுங்கள்.

விரலை எடுத்த பிறகு

சிரிஞ்சிலிருந்து விரலை எடுத்ததும் நாஸில் நுனியை உற்றுப் பாருங்கள். கூம்பு மறைகிறது. பிறகு நுனியில் ஒரு சொட்டு மெல்லப் பருக்கிறது, தொங்குகிறது, விழுகிறது. அடுத்த சொட்டு. கண்ணாடித் தட்டில் சீராகப் படிந்த மெல்லிய படலத்தின் நடுவே அது பெரிய வட்டமாக விழுந்து, ஓரங்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வழிகிறது.

காரணம் குழலுக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி. வளிமண்டலத்துக்கு மேல் 200 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் 1 மி.லி. அளவுக்கு ஒடுங்கியிருந்த குமிழி, அழுத்தம் போனதும் 3 மி.லி. ஆக விரியும். அதாவது இரண்டு மி.லி. மருந்து, கூம்பை உருவாக்கப் போதாத அழுத்தத்தில், சொட்டாக வெளியே தள்ளப்படும். மென்மையான குழல் ஊதிச் சுருங்குவதும் இதே வேலையைச் செய்யும்.

நுனியை மேலே பிடித்துக் குழலைக் குமிழியில்லாமல் நிரப்பும் முறையைப் பயன்பாட்டுக் குறிப்பில் சேர்ப்பது முதல் தீர்வு. ஊதாத குழலைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது. நுனிக்கு அருகில், குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே மூடிக்கொள்ளும் சிறு வால்வு வைப்பது மூன்றாவது. வால்வைச் சிரிஞ்சு முனையில் வைத்தால் பயனில்லை, குமிழி அதற்கு அப்பால்தான் இருக்கும்.

வளைவில் சிக்கும் நுனி

வால்வும் நாஸிலும் சேர்ந்தால் நுனியின் விறைப்பான பகுதி நீளும். தடம் 2.8 மி.மீ., நுனி 2.4 மி.மீ., வளைவின் ஆரம் 15 மி.மீ. என்றால், வடிவியல் கணக்குப்படி சிக்காமல் போகக்கூடிய நீளம் சுமார் 7 மி.மீ. மட்டுமே. நுனியை 2.2 ஆகக் குறைத்தால் கிட்டத்தட்ட 9 கிடைக்கும். நேராக நீட்டிய ஸ்கோப்பில் மட்டும் சோதித்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது. நுனியை முழுதாக மடக்கிய நிலையிலும் செருகிப் பார்க்க வேண்டும்.

நாஸில் கழன்று உடலுக்குள் விழுவது எந்தச் சூழலிலும் நடக்கக் கூடாதது. பிடிஎஃப்இ (டெஃப்லான்) குழலில் பசை நேரடியாக ஒட்டாது. பரப்பை வேதிமுறையில் அரித்தாக வேண்டும், அல்லது இயந்திரப் பிடிமானம் வேண்டும். இழுவைச் சோதனையைக் கிருமிநீக்கத்துக்குப் பிறகு செய்யுங்கள். காமா கதிர் பிடிஎஃப்இ-யை நொறுங்கும்படி ஆக்கிவிடும் என்பதால் எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமிநீக்கும் முறையே பொருந்தும்.

சாய்வை மறப்பது

என் கணிப்பில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் சீர்மையைக் கெடுப்பது இதுதான். 60 பாகைக் கூம்பு, 20 மி.மீ. தூரத்தில் செங்குத்தாகப் பட்டால் 23 மி.மீ. வட்டத்தை நனைக்கும். தூரத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்கு, படிவது கால் பங்கு. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எண்டோஸ்கோப் சுவரைச் செங்குத்தாகப் பார்ப்பது அபூர்வம். அதே கூம்பு 45 பாகை சாய்ந்தால், எல்லாத் திசையிலும் ஒரே அடர்த்தியில் தெளித்தாலும், கிட்ட உள்ள விளிம்புக்கும் எட்ட உள்ள விளிம்புக்கும் படியும் அளவில் சுமார் 50 மடங்கு வித்தியாசம் வரும். நாஸிலை எவ்வளவு துல்லியமாகச் செதுக்கினாலும் இதை ஈடுகட்ட முடியாது.

உணவுக்குழாயில் ஸ்கோப் சுவருக்கு இணையாகவே போகிறது. அங்கே முன்னோக்கித் தெளிக்கும் நாஸில் தவறான தேர்வு. சுற்றிலும் பக்கவாட்டில் தெளிக்கும் நாஸிலை வைத்து, கீழிருந்து மேலாக ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே தெளிப்பதுதான் சரி. 2 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. நீளமும் உள்ள பகுதியின் பரப்பு சுமார் 31 சதுர செ.மீ. அதில் 1 மி.லி. பரவினாலே 0.3 மி.மீ. படலம். அதற்கு மேல் ஊற்றுவது சுவரில் நிற்காமல் கீழே வழியும். இரைப்பையில் குறுகிய கூம்போடு பலமுறை துடைப்பதுபோல் நகர்த்த வேண்டும். கதீட்டர் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று கேமராவில் தெரியும்படி 5 மி.மீ. இடைவெளியில் வளையக்குறிகள் போடுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் பெரிது.

வாயுவால் தெளிக்கும்போது

நிமிடத்துக்கு 2 லிட்டர் வாயு விட்டால் அரை நிமிடத்தில் 1 லிட்டர் உள்ளே சேரும். வெளியேறும் வழியை வரைபடத்திலேயே காட்டாத வடிவமைப்பு ஆபத்தானது. திசுவை உறையவைக்கும் திரவ நைட்ரஜன் தெளிப்பில் 1 மி.லி. திரவம் சுமார் 700 மி.லி. வாயுவாக விரியும் என்பதால் வாயு வடிக்கும் தனிக் குழல் இல்லாமல் தொடங்கவே கூடாது. ரத்தத்தில் எளிதில் கரையும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடப் பாதுகாப்பானது. ரத்தக்கசிவை நிறுத்தும் ஃபைப்ரின் ஒட்டுப்பொருளை வாயு அழுத்தத்தில் தெளித்தபோது ரத்தக்குழாயில் வாயு அடைப்பு ஏற்பட்டதால், 2012-ல் ஐரோப்பிய மருந்து முகமை அழுத்தத்துக்கும் தூரத்துக்கும் கட்டுப்பாடுகளை வலியுறுத்தியது. அழுத்த வரம்பைக் குறிப்பேட்டில் எழுதினால் போதாது. தானே திறக்கும் பாதுகாப்பு வால்வாகக் கருவியிலேயே வையுங்கள்.

பொடிக் கருவிகளின் எதிரி ஈரம். கதீட்டர் நுனி ரத்தத்தைத் தொட்டாலே பொடி உள்ளுக்குள் களியாகி அடைத்துக்கொள்ளும். கருவித் தடத்தை முதலில் காற்றால் உலர்த்த வேண்டும். நுனி திசுவிலிருந்து 1 முதல் 2 செ.மீ. தள்ளியே இருக்க வேண்டும். தெளிப்புப் பொத்தானைத் தொட்டால் முதலில் வாயு, பிறகு பொடி. விட்டால் முதலில் பொடி நின்று, கடைசியில் வாயு நிற்க வேண்டும். இந்த வரிசையைப் பயனர் நினைவில் விடாமல் பொத்தானின் அமைப்பிலேயே பூட்டிவிடலாம்.

எதை வைத்து ‘சீர்’ என்கிறோம்

சாயம் தெளித்துப் படமெடுத்து நிறத்தைப் பார்ப்பது பலர் செய்வது. சாயம் ஓரளவு தடித்ததும் படத்தில் நிறம் அதற்குமேல் அடர்த்தியாகாது. அதனால் குளம் கட்டிய இடமும் நன்றாகப் படிந்த இடமும் ஒன்றுபோலவே தெரியும். எடை பொய் சொல்லாது. 1 செ.மீ. சதுரமாக வெட்டிய உறிஞ்சுதாள் 25 துண்டுகளை எடைபோட்டு, ஐந்துக்கு ஐந்தாக அடுக்கி, தெளித்து, ஆவியாகும் முன் ஒவ்வொன்றையும் மூடிய குப்பியில் போட்டு மறுபடி எடைபோடுங்கள். 50 சதுர செ.மீ.க்கு 1 மி.லி. என்ற அளவில் ஒரு துண்டுக்கு 20 மி.கி. வரும், 0.1 மி.கி. காட்டும் தராசு போதும். திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை வைத்து இரண்டு வடிவமைப்புகளை நேர்மையாக ஒப்பிடலாம். சிரிஞ்சு நிறைந்திருக்கும்போது ஒருமுறை, முடியப்போகும்போது ஒருமுறை, வெவ்வேறு கைகளால் செய்து பாருங்கள்.

உறிஞ்சுதாளில் மருந்து வழியாது என்பது இந்தச் சோதனையின் குறை. ஆகவே செங்குத்தாக நிறுத்திய அகர் ஜெல்லிலோ பன்றி இரைப்பையிலோ, 37 டிகிரி சூட்டில், ஸ்கோப்பை மடக்கிய நிலையில் ஒரு சுற்று அவசியம். அப்போது சளிப்படலத்தைக் கழுவாமல் ஒருமுறையும் கழுவிய பின் ஒருமுறையும் தெளியுங்கள். கழுவாத இடத்தில் சாயம் சளியோடு சேர்ந்து சரிந்து இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கழுவும் நீருக்கு அதே கதீட்டரா தனி வழியா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.